லிங்க் ஆகிவிட்டது, மூட்டைக் கணக்கு மட்டும் 90,216

இந்த முறை வந்த கடிதங்களில் ஐந்து ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. வேறு வேறு சி கம்பைலரில் கட்டிய ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒன்றாக லிங்க் செய்யலாமா, செய்தால் என்ன ஆகும், எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆகிறது. அதனால் போன் பேட்டரி, வைஃபை கேள்விகள் எல்லாம் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டன, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகன் கம்ப்யூட்டர் படிக்கிறான். ராத்திரி பதினோரு மணிக்கு ‘லிங்க்கர் எரர்’ என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். யார் சார் இந்த லிங்க்கர்?
(ஒரு அப்பா, சேலம்)

பதில்: மற்றவர்களைவிட உங்களுக்குச் சொல்வது எனக்குச் சுலபம். கம்பி இழுப்பது ஓரிடம், சலங்கை வருவது ஓரிடம், திருகு ஓரிடம், கடைசியில் எல்லாம் சேர்ந்து பத்தவைத்து மெருகு போட்டால்தான் கொலுசு. சி நிரலும் அப்படித்தான் உருவாகிறது. ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலையும் கம்பைலர் தனித்தனியாக எடுத்து மெஷின் மொழியாக மாற்றி வைக்கிறது, அதுதான் ஆப்ஜெக்ட் ஃபைல். நிரலில் ஒரு தனி வேலையைச் செய்யும் துண்டுக்கு ஃபங்ஷன் என்று பெயர். ஆப்ஜெக்ட் ஃபைலுக்குள் இரண்டு பட்டியல் இருக்கும்: ‘இந்தப் பெயரில் ஒரு ஃபங்ஷன் என்னிடம் இருக்கிறது’ என்று ஒன்று, ‘இந்தப் பெயரில் ஒன்று எனக்கு வேண்டும், எங்கே இருக்கிறதோ தெரியாது’ என்று இன்னொன்று. லிங்க்கர் இந்தப் பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்தி, கம்பைலர் காலியாக விட்டுவைத்த முகவரிகளை நிரப்பி, ஒரே நிரலாக ஆக்கித் தருகிறது. வேண்டிய பெயர் கிடைக்காவிட்டால் வருவதுதான் உங்கள் மகன் பார்க்கும் எரர்.

ஒரு விஷயத்தை மட்டும் மகனிடம் சொல்லுங்கள். லிங்க்கர் பெயரைத்தான் பார்க்கிறது. அந்த ஃபங்ஷனுக்கு எத்தனை ஆர்க்யூமென்ட் (உள்ளே கொடுக்கும் மதிப்பு), திருப்பித் தருவது முழு எண்ணா தசம எண்ணா என்பதெல்லாம் சி மொழியில் பெயரோடு ஒட்டி வருவதில்லை. ஒரு பட்டறைத் திருகின் மரையும் இன்னொரு பட்டறைப் பூட்டின் மரையும் கொஞ்சம் மாறியிருந்தாலும் அழுத்தித் திருகினால் ஏறிவிடும் இல்லையா, வீட்டுக்குப் போய் நாலு நாள் நடந்த பிறகுதான் கழன்று விழும். எரர் வந்து ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்திருப்பது நல்லது. எரர் வராமல் லிங்க் ஆன கதை கீழே இருக்கிறது.

கேள்வி: ஐந்து ரோடு பக்கம் ஒரு சின்ன எலெக்ட்ரானிக்ஸ் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். ஆத்தூர், தலைவாசல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு எடை மெஷின் போர்டு செய்கிறோம். ஆர்ம் கார்டெக்ஸ் சிப். எடையை உணரும் லோடு செல்லைப் படிக்கும் லைப்ரரியை (தயாராக வரும் ஃபங்ஷன் தொகுப்பு) சென்சார் கொடுத்தவர்கள் கம்பைல் செய்த ஃபைலாகத்தான் தந்தார்கள், சோர்ஸ் கிடையாது. அவர்கள் கட்டியது ஆர்ம் கம்பைலர் 6-இல், நாங்கள் கட்டுவது ஜிசிசி கம்பைலரில். எரர் எதுவும் இல்லாமல் லிங்க் ஆகிவிட்டது. ஆனால் 90 கிலோ மூட்டையை வைத்தால் எடை 18.312 கிலோ என்கிறது, லோடு செல்லின் ரா ரீடிங் (கிலோவாக மாற்றாத எண்) எப்போதும் 0, ஒரே ஒரு மூட்டை வைத்ததற்கு மூட்டைக் கணக்கு 90,216 என்று காட்டுகிறது. கிலோ, கிராம் என்கிற யூனிட் மட்டும் சரியாக வருகிறது. அதே மூட்டையை வேறு தராசில் வைத்தால் 90.215 கிலோ, சாக்கோடு. இரண்டு கம்பைலரைக் கலந்ததுதான் தப்பா? எங்கள் சி கோடும் (code) லிங்க்கர் காட்டிய வரிகளும் இணைத்திருக்கிறேன்.
(பெயர் வேண்டாம் என்கிறார், சேலம்)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது, அவ்வளவு சுவாரசியம். 90.215 கிலோ என்றால் 90,215 கிராம். மூட்டைக் கணக்கில் இருப்பது 90,216. ஒன்றுதான் வித்தியாசம். அதாவது லைப்ரரி எடையைச் சரியாகவே படித்திருக்கிறது, ஆனால் அதை எடைக்கான இடத்தில் எழுதாமல் உங்கள் மூட்டைக் கணக்கின் தலையில் எழுதிவிட்டுப் போய்விட்டது, பிறகு உங்கள் கோடு ‘ஒரு மூட்டை முடிந்தது’ என்று அதோடு ஒன்றைக் கூட்டியிருக்கிறது.

ஏன் இடம் மாறியது? நீங்கள் அனுப்பிய ஹெடரில், அதாவது லைப்ரரியோடு வந்த அறிவிப்பு ஃபைலில், ரீடிங் என்ற ஸ்ட்ரக்ட் இருக்கிறது, பல மதிப்புகளை வரிசையாக அடுக்கி வைக்கும் பொட்டலம். முதலில் யூனிட், அது ஒரு ‘ஈனம்’ (enum, பெயர் வைத்த சில மதிப்புகளில் ஒன்றை வைக்கும் டைப்), கிலோவா கிராமா எரரா என்று மூன்றே மதிப்பு. அடுத்து 16 பிட் ரா ரீடிங். கடைசியில் 32 பிட்டில் கிராம் எடை. ஒரே ஹெடரைத்தான் இரண்டு கம்பைலரும் படித்தன. ஆனால் ஈனம் எத்தனை பைட் என்று சி மொழி கறாராகச் சொல்லவில்லை, அதைக் கம்பைலர் கையில் விட்டிருக்கிறது. ஆர்மில் இதற்கு இரண்டு வழக்கம் உண்டு. மூன்று மதிப்புதானே, ஒரு பைட் போதும் என்பது ஒன்று. எதுவாக இருந்தாலும் 4 பைட் என்பது இன்னொன்று. ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாத போர்டுகளுக்கான ஆர்ம் ஜிசிசி, யாரும் எதுவும் சொல்லாவிட்டால் முதல் வழக்கத்தில் போகும். ஆர்ம் கம்பைலர் 6, யாரும் எதுவும் சொல்லாவிட்டால் இரண்டாவதில் போகும். பழைய ஆர்ம் கம்பைலர் 5 முதல் வழக்கத்தில் இருந்தது என்பதால், அந்தக் காலத்து லைப்ரரியாக இருந்திருந்தால் உங்களுக்கு இந்தத் தொல்லையே வந்திருக்காது.

இப்போது ஒரு பேப்பரில் கட்டம் போட்டுப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் யூனிட் 0-ஆவது பைட்டில், ஒரு பைட் காலி, ரா ரீடிங் 2-இல், எடை 4-இல், மொத்தம் 8 பைட். அதையொட்டி, 8-ஆவது பைட்டில், உங்கள் பெரிய ஸ்ட்ரக்டின் அடுத்த உறுப்பான மூட்டைக் கணக்கு. லைப்ரரி பக்கத்தில் யூனிட் 0 முதல் 3 வரை, ரா ரீடிங் 4-இல், இரண்டு பைட் காலி, எடை 8-இல், மொத்தம் 12 பைட். நீங்கள் 8 பைட் இடத்தின் முகவரியைக் கொடுக்கிறீர்கள், அது 12 பைட் என்று நினைத்து எழுதுகிறது. எடை நேராக மூட்டைக் கணக்கில் போய் உட்கார்ந்தது. நீங்கள் எடை என்று படித்த 18,312 உண்மையில் ரா ரீடிங். நீங்கள் ரா ரீடிங் என்று படித்தது யூனிட்டின் மேல் பாதி, அது எப்போதும் 0. யூனிட் மட்டும் ஏன் சரியாக வந்தது என்றால், இந்தச் சிப்பில் சின்ன பைட் முன்னால் வருவதால் நாலு பைட்டில் முதல் பைட்டை மட்டும் படித்தாலும் விடை அதேதான். அதாவது அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டம்தான் உங்களை ஒரு வாரம் சுற்றவிட்டிருக்கிறது. ஒன்று சரியாக வந்தால் மற்றதும் லைப்ரரி ஒழுங்காகத்தான் கொடுக்கும் என்று தோன்றிவிடும்.

இனி ஒரு வருத்தமான விஷயம். லிங்க்கர் உங்களிடம் இதைச் சொன்னது. ஆர்ம் ஆப்ஜெக்ட் ஃபைல்களில், நான் எந்த வழக்கத்தில் கட்டப்பட்டேன் என்று ஒரு குறிப்பு இருக்கும். ஜிசிசியோடு வரும் க்னூ லிங்க்கர் அதைப் பார்த்து, இந்த ஃபைல் 32 பிட் ஈனம், மற்றதெல்லாம் அளவு மாறும் ஈனம், ஃபைல் விட்டு ஃபைல் ஈனம் போனால் தப்பாகலாம் என்று வார்னிங் கொடுக்கும். நீங்கள் அனுப்பிய முதல் பட்டியலில் நாற்பது வரிகளுக்கு நடுவில் அது இருக்கிறது. இரண்டாவது பட்டியலில் இல்லை, ஏனென்றால் நடுவில் யாரோ மேக்ஃபைலில் (கட்டும் கட்டளைகள் இருக்கும் ஃபைல்) ஈனம் அளவு வார்னிங்கை அணைக்கும் ஆப்ஷனைச் சேர்த்திருக்கிறார்கள். திட்டுவதற்கு எனக்கு அருகதை இல்லை, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே ஆப்ஷனை நானே போட்டு, மூன்று நாள் கழித்து நானே எடுத்திருக்கிறேன்.

சரி, எப்படிச் சரி செய்வது? உங்கள் கோடு முழுவதையும் 4 பைட் ஈனத்துக்கு மாற்றிக் கட்டலாம், ஆனால் உங்கள் ஜிசிசியோடு வந்த சி லைப்ரரி மற்ற வழக்கத்தில் கட்டப்பட்டது, அப்புறம் வார்னிங் எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து கொட்டும். நான் செய்வது வேறு. அவர்கள் ஹெடரை நேரடியாகச் சேர்க்காமல், உங்களுக்கென்று ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், அதில் யூனிட் இருக்கும் இடத்தில் ஈனத்துக்குப் பதிலாக ‘ஸ்டிடின்ட்’ ஹெடரின் 32 பிட் முழு எண் டைப்பைப் போடுங்கள். இப்போது எந்தக் கம்பைலர் படித்தாலும் 12 பைட்தான். அதன் கீழேயே ‘ஸ்டாட்டிக் அசெர்ட்’ ஒன்று: ஸ்ட்ரக்டின் அளவு 12, எடை இருக்கும் இடம் 8, இல்லாவிட்டால் கம்பைலே ஆகாதே என்று. 2011-ஆம் ஆண்டு சி தரத்திலிருந்து இது மொழியிலேயே இருக்கிறது, இரண்டு வரி வேலை. இந்த இரண்டு வரி முதல் நாளே இருந்திருந்தால் ஆத்தூர் வரை போய் வந்த பெட்ரோல் மிச்சம். வார்னிங் இதற்குப் பிறகும் வரும், ஏனென்றால் அது ஃபைல் மேல் ஒட்டியிருக்கும் குறிப்பைப் பார்த்துச் சொல்வது, நீங்கள் ஈனத்தைப் பயன்படுத்துகிறீர்களா என்று பார்த்துச் சொல்வது இல்லை. வரட்டும். ‘ரீட்எல்ஃப்’ என்ற கருவியைப் பெரிய ஏ ஆப்ஷனோடு ஓட்டினால் இரண்டு ஃபைலின் குறிப்புகளும் தெரியும், லைப்ரரி கைக்கு வந்த அன்றே அதை ஓட்டிப் பாருங்கள்.

கம்பைலரைக் கலந்தது தப்பா என்று கேட்டீர்கள். தப்பில்லை. ஆர்ம் உலகத்தில் எந்த ஆர்க்யூமென்ட் எந்த ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவு அறை) போகும், 64 பிட் வகுத்தல் போன்ற உதவி ஃபங்ஷன்களுக்கு என்ன பெயர் என்றெல்லாம் பொதுவாக எழுதிவைத்த ஒப்பந்தம் இருப்பதால்தான் உங்களுக்கு இந்த அளவுக்காவது லிங்க் ஆனது. இதற்கு ஏ.பி.ஐ. என்று பெயர், நடுவில் இருப்பது பைனரியின் ப. எல்லோரும் பேசுகிற அந்த இன்னொரு ஏ.பி.ஐ. வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவது நம் தலையெழுத்து. ஒப்பந்தத்தில் இரண்டு வழி திறந்து விட்ட இடங்களில்தான் கம்பைலர்கள் பிரிகின்றன: ஈனம், அகல எழுத்து டைப், தசம எண்ணை எந்த ரெஜிஸ்டரில் அனுப்புவது. கடைசியில் சொன்னது மாறினால் லிங்க்கர் வார்னிங்கோடு நிற்காது, எரர் போட்டுக் கதவைச் சாத்திவிடும். அது எவ்வளவோ மேல்.

கேள்வி: கல்லூரி லேபில் இன்னமும் டர்போ சி-தான். அங்கே கம்பைல் செய்த ஓபிஜே (ஆப்ஜெக்ட்) ஃபைல்களை பென் டிரைவில் எடுத்து வந்து ஹாஸ்டலில் விண்டோஸுக்கான மின்ஜிடபிள்யூ ஜிசிசியோடு லிங்க் செய்யப் பார்த்தேன், ‘ஃபைல் ஃபார்மட் தெரியவில்லை’ என்கிறது. நண்பன் விஷுவல் சி ஓபிஜே கொடுத்தான், அது பாதி தூரம் போய் புரியாத பெயர்களைக் கேட்கிறது.
(இரண்டாம் ஆண்டு மாணவர், ஓமலூர்)

பதில்: தம்பி, முதலாவதை விட்டுவிடுங்கள். பெயரின் வால் (.obj) ஒன்றாக இருப்பதால் ஃபைல் ஒன்றாகிவிடாது. டர்போ சி ஓபிஜே ஓஎம்எஃப் என்ற பழைய வடிவம், உள்ளே இருப்பது டாஸுக்கான 16 பிட் கோடு, அதில் இன்ட் 2 பைட். மின்ஜிடபிள்யூ எதிர்பார்ப்பது காஃப் வடிவம். டர்போ சி முதலில் வெளிவந்தது 1987-இல், நீங்கள் பிறப்பதற்கு ரொம்ப முன்னால், அதற்குரிய மரியாதையோடு சோர்ஸ் ஃபைலை மட்டும் எடுத்து வந்து மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

நண்பனுடையது கதை வேறு. விஷுவல் சியும் மின்ஜிடபிள்யூவும் இரண்டுமே காஃப், 64 பிட் விண்டோஸில் இரண்டுமே முதல் நாலு ஆர்க்யூமென்டை ஒரே நாலு ரெஜிஸ்டரில்தான் அனுப்பும். அதனால்தான் பாதி தூரம் போனது. மீதி பாதியில் அது கேட்கிற பெயர்களைப் பாருங்கள், ‘செக்யூரிட்டி செக் குக்கி’ என்று ஒன்று இருக்குமே? நீங்கள் எழுதியதும் இல்லை, நண்பன் எழுதியதும் இல்லை. ஸ்டாக் (ஃபங்ஷன்கள் ஓடும்போது பயன்படுத்தும் நினைவகப் பகுதி) கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க விஷுவல் சி தானாகவே செருகும் சோதனை அது, அந்த ஃபங்ஷன் விஷுவல் சியின் சொந்த லைப்ரரியில் இருக்கிறது. ஜிசிசியிலும் அதேபோல் ஒரு சோதனை உண்டு, பெயர் வேறு. ஒவ்வொரு பெயரையும் தேடித் தேடி ஒட்டுப்போடாதீர்கள், அது முடிகிற வேலை இல்லை. நண்பனிடம் அதை டிஎல்எல் ஆக, அதாவது நிரல் ஓடும்போது விண்டோஸ் இணைத்துக்கொள்ளும் லைப்ரரியாக, கட்டித் தரச் சொல்லுங்கள், அப்போது அவன் கம்பைலரின் சாமான் எல்லாம் அந்தப் பொட்டலத்துக்குள்ளேயே முடிந்துவிடும், வெளியில் தெரிவது சி ஃபங்ஷன் பெயர்கள் மட்டும். அவன் கோடு சி பிளஸ் பிளஸ் என்றால் வெளியே தெரிய வேண்டிய ஃபங்ஷன்கள் மேல் ‘எக்ஸ்டர்ன் சி’ போடச் சொல்லுங்கள், ஏனென்றால் சி பிளஸ் பிளஸில் பெயரோடு டைப் விவரமும் சேர்த்துப் பின்னப்படும், ஜிசிசி பின்னுவது ஒரு விதம், விஷுவல் சி கேள்விக்குறியில் ஆரம்பித்துப் பின்னுவது இன்னொரு விதம், இரண்டும் ஜென்மத்தில் பொருந்தாது.

கேள்வி: விஷுவல் சியில் கட்டியதை டிஎல்எல் ஆக்கித்தான் என் மின்ஜிடபிள்யூ நிரலில் சேர்த்தேன். ஓடுகிறது. ஆனால் டிஎல்எல் தந்த ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) நான் ‘ஃப்ரீ’ செய்து நினைவகத்தை விடுவித்த உடனே நிரல் விழுந்துவிடுகிறது.
(சூரமங்கலம்)

பதில்: கடன் வாங்கிய கடையில்தான் திருப்பிக் கட்ட வேண்டும். விண்டோஸில் ஒவ்வொரு கம்பைலரும் தன் சி ரன்டைமை (நிரல் ஓடத் தேவையான அடிப்படை லைப்ரரி) கூடவே கூட்டி வரும். 2015-க்குப் பிந்தைய விஷுவல் சிக்கு ஒன்று, பழைய மின்ஜிடபிள்யூவுக்கு வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனி நினைவகக் கணக்குப் புத்தகம். அங்கே ‘மெலாக்’ செய்து வாங்கிய நினைவகத்தை இங்கே ‘ஃப்ரீ’ செய்தால், இந்தப் புத்தகத்தில் அப்படி ஒரு வரவே இல்லை. டிஎல்எல்லுக்குள்ளேயே விடுவிப்பதற்கென்று ஒரு ஃபங்ஷன் வைத்து அதைக் கூப்பிடுங்கள். இதே காரணத்துக்காக, திறந்த ஃபைலைக் காட்டும் ‘ஃபைல்’ பாயிண்டரையும் அந்தப் பக்கத்துக்கு அனுப்பாதீர்கள், ஃபைல் பெயரை அனுப்பி அவர்களே திறந்துகொள்ளட்டும். ‘லாங் டபுள்’ (பெரிய தசம எண் டைப்) கூடவே கூடாது: விண்டோஸில் ஜிசிசிக்கு அது 80 பிட், விஷுவல் சிக்கு சாதாரண 64 பிட் டபுள்.

கேள்வி: லினக்ஸில் பாதி ஃபைல் ஜிசிசியிலும் பாதி கிளாங் கம்பைலரிலும் கட்டலாமா?
(அம்மாப்பேட்டை)

பதில்: தாராளமாக. நீங்கள் கிளாங்கில் எதைக் கட்டினாலும் அது போய் இணைவது பெரும்பாலும் ஜிசிசியில் கட்டிய சி லைப்ரரியோடுதான். இருவரும் ஒரே ஒப்பந்தத்தைப் பின்பற்றுகிறார்கள், சாதாரண 64 பிட் பிசியில் முதல் ஆறு முழு எண் ஆர்க்யூமென்ட் எந்தெந்த ரெஜிஸ்டர் என்பது உட்பட. ஒரு விதிவிலக்கு எல்டிஓ, அதாவது லிங்க் செய்யும்போது நிரல் முழுவதையும் சேர்த்து வேகப்படுத்தும் ஆப்ஷன். அதைப் போட்டால் ஆப்ஜெக்ட் ஃபைலில் இருப்பது மெஷின் மொழி கிடையாது, அந்தந்தக் கம்பைலரின் சொந்த இடைமொழி, அதை மற்றவர் படிக்க மாட்டார். அடுத்தவருக்குக் கொடுக்கும் ஃபைலில் எல்டிஓவை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட். தினசரி மழை அளவை என் மைத்துனர் எழுதிய ஒரு சி நிரல் விண்டோஸில் பல வருஷமாகச் சேமித்து வருகிறது. புது கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு அதே சோர்ஸைக் கம்பைல் செய்து பழைய ஃபைலைக் கொடுத்தேன். ஒரு வருஷத்துக்கு 365 பதிவு இருக்க வேண்டும், 182 என்கிறது. மழை எல்லா நாளும் 0.00. இது லிங்க்கர் பிரச்சினையா?
(ஏற்காடு)

பதில்: இங்கே லிங்க்கர் நிரபராதி, ஆனால் நோய் அதேதான், அதனால் உங்களையும் இந்த வரிசையில் சேர்த்துவிட்டேன். வருஷம் முழுக்க ஏற்காட்டில் சொட்டு மழை இல்லை என்று ஒரு கம்ப்யூட்டர் சொன்னால், இருபது கொண்டை ஊசி வளைவிலும் வைப்பர் போட்டு ஏறியவன் என்ற முறையில் நான் நம்பப் போவதில்லை.

மைத்துனர் ஒரு பதிவில் தேதியை ‘லாங்’ (முழு எண்) ஆகவும் மழையை ‘ஃப்ளோட்’ (தசம எண்) ஆகவும் வைத்து ஸ்ட்ரக்டை அப்படியே ஃபைலில் கொட்டியிருக்கிறார். விண்டோஸில் லாங் 4 பைட், ஃப்ளோட் 4, ஒரு பதிவு 8. 64 பிட் லினக்ஸில் லாங் 8 பைட், ஃப்ளோட் 4, கடைசியில் 4 காலி, ஒரு பதிவு 16. ஆகவே இரண்டு நாளை ஒரு நாளாகப் படிக்கிறது. 365-இல் பாதி 182, ஒரு அரை மிச்சம், அதைப் படிக்காமல் விட்டது. மழை என்று அது படிக்கும் இடத்தில் இருப்பது அடுத்த நாளின் தேதி. 20230702 மாதிரி ஒரு முழு எண்ணின் பிட்டுகளைத் தசம எண்ணாகப் படித்தால் புள்ளிக்குப் பின்னால் முப்பத்தேழு சைபர் வருகிற அளவுக்குச் சின்ன எண், இரண்டு இலக்கத்தில் காட்டினால் 0.00.

சோர்ஸில் அந்த ‘லாங்’ இருக்கும் இடத்தில் 32 பிட் முழு எண் டைப்பைப் போட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். பழைய ஃபைலைத் தொட வேண்டாம், முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். 365 வந்தால் ஒரு கார்டு போடுங்கள், அந்த அக்டோபர் கணக்கை எனக்கும் பார்க்க ஆசை.